இஞ்சி வளர்ப்பு கிட்: எட்டரை மாதம் வளர்த்துப் பார்த்த பின் ஒரு மதிப்பீடு

2023 ஆம் ஆண்டின் நடுவில் இஞ்சி கிலோ 200 ரூபாயைத் தாண்டிப் போனபோதே, மொட்டை மாடியில் இரண்டு பையிலாவது இஞ்சி வைத்துவிட வேண்டும் என்று எண்ணியிருந்தேன். எண்ணியது நடந்தது கடந்த ஆண்டு சித்திரை நடுவில்தான். கத்தரி, தக்காளி, கீரை என்று கோவையில் எங்கள் மாடியில் சில ஆண்டுகளாகப் பயிரிட்டு வருகிறேன். ஆனால் மண்ணுக்கடியில் கிழங்கு விடும் பயிர் எதையும் அதுவரை வைத்ததில்லை. அந்தத் தயக்கத்தினால், பை முதல் விதை வரை எல்லாம் ஒரே பெட்டியில் வரும் இஞ்சி வளர்ப்பு கிட் ஒன்றை இணையத்தில் 849 ரூபாய்க்கு வாங்கினேன். விற்ற நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இதே அமைப்பில் பல பெயர்களில் பல கிட்கள் விற்பனைக்கு வருகின்றன என்பதால், பெயரைவிட உள்ளே இருக்கும் பொருட்களைப் பற்றி எழுதுவதுதான் வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

இத்தகைய பொருட்களுக்கு எழுதப்படும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை பெட்டி வந்து சேர்ந்த மறுநாளே எழுதப்படுகின்றன. பை உறுதியாக இருக்கிறது, சொன்ன நாளில் வந்தது என்பதற்கு மேல் அவற்றிலிருந்து எதுவும் தெரிந்துகொள்ள முடிவதில்லை. இஞ்சி எட்டு மாதப் பயிர். கிட்டின் தரம் ஆடி மழையிலும் ஐப்பசி மழையிலும்தான் தெரியவரும். ஆகவே பைகளைக் கவிழ்த்து, கிழங்கை எடை போட்டுப் பார்த்து, தையும் பிறந்த பிறகு இதை எழுதுகிறேன்.

பெட்டியில் இருந்தவை: 12 அங்குல விட்டமும் 15 அங்குல உயரமும் கொண்ட இரண்டு எச்டிபிஇ (உறுதியான பிளாஸ்டிக்) பைகள், 5 கிலோ கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டி ஒன்று, 2 கிலோ மண்புழு உரம், அரை கிலோ வேப்பம் பிண்ணாக்கு, நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் நற்பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி 100 கிராம் பொட்டலம், 200 கிராம் விதை இஞ்சி, தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட ஒற்றைத் தாள் கையேடு.

விதை இஞ்சியிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கிட்டின் பெருங்குறை அதுதான். இஞ்சிக்கு நாம் விதை என்று சொல்வது கிழங்குத் துண்டைத்தான்; பூவிலிருந்து வரும் விதையைக் கொண்டு இதை யாரும் பயிரிடுவதில்லை. தாய்க் கிழங்கில் என்ன நோய் இருந்ததோ அது அப்படியே பிள்ளைக்கு வந்துவிடும் என்பதால், மற்ற பயிர்களைவிட இதில் விதையின் நலத்துக்கு மதிப்பு அதிகம். கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பொருட்கள் ஆராய்ச்சி நிறுவனம், ஒவ்வொரு துண்டும் 20 முதல் 25 கிராம் எடையும், 2.5 முதல் 5 சென்டிமீட்டர் நீளமும், ஒன்றிரண்டு நல்ல முளைக்கண்களும் கொண்டதாக இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் கணக்குப்படி 200 கிராமில் எட்டு முதல் பத்துத் துண்டுகள் கிடைத்திருக்க வேண்டும். எனக்கு வந்தவை ஏழு. இரண்டு சுருங்கிச் சுக்காகும் நிலையில் இருந்தன. ஒன்றின் வெட்டுவாயில் வெண்பூஞ்சை படர்ந்திருந்தது. மீதி நான்கு மட்டுமே கையில் எடுத்து அழுத்தினால் கெட்டியாக இருந்தன, அவற்றிலும் முளைக்கண் தெளிவாகத் திரண்டிருந்தது மூன்றில்தான். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் அடைத்து அனுப்பியிருந்தார்கள். சித்திரை வெயிலில் நான்கு நாள் பயணம் செய்த உறைக்குள் நீர் முத்து முத்தாக வியர்த்திருந்தது. காகிதப் பையில், உலர்ந்த தென்னைநாரில் பொதிந்து அனுப்பியிருந்தால் இவ்வளவு சேதம் வந்திராது.

உறையின் மேல் ‘உயர்ரக இஞ்சி’ என்று மட்டும் அச்சிட்டிருந்தது. என்ன இரகம், எந்த ஊரில் விளைந்தது, எப்போது அறுவடை செய்தது என்ற எந்த விவரமும் இல்லை. இஞ்சியில் இரகத்துக்கு இரகம் வேறுபாடு உண்டு. வரதா, மகிமா, ரஜதா ஆகியவை மேலே சொன்ன ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டவை. ரியோ டி ஜெனிரோ என்ற அயல் இரகம் சாறு மிகுந்தது, பச்சையாகச் சமைக்க ஏற்றது. மாரன் போன்றவை காயவைத்துச் சுக்காக்குவதற்குப் பெயர் பெற்றவை. வீட்டில் வளர்ப்பவருக்குத் தேவை சட்னிக்கும் தேநீருக்கும் ஆகும் நார் குறைந்த இஞ்சியா, சுக்கு போட ஏற்ற இஞ்சியா என்று தேர்ந்துகொள்ள, இரகப் பெயர் ஒன்றாவது அட்டையில் இருக்க வேண்டாமா? மலிவான கீரை விதைப் பொட்டலத்தில்கூட இரகத்தின் பெயரை எதிர்பார்க்கும் நாம், 849 ரூபாய் கிட்டில் அதைக் கேட்பது அதிகமில்லை.

கெட்டுப்போன துண்டுகளைப் படமெடுத்து அனுப்பியபோது விற்பனையாளர் மறுப்புச் சொல்லவில்லை. மாற்றாக 100 கிராம் விதை அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்கள், அனுப்பவும் செய்தார்கள். ஆனால் அது கைக்கு வந்தபோது வைகாசி முடிந்து ஆனி பிறந்திருந்தது. நேர்மையைப் பாராட்டுகிறேன். ஆனாலும் பருவம் பார்த்து நட வேண்டிய பயிருக்கு ஒன்றரை மாதத் தாமதம் சிறிய விஷயமன்று.

முதல் உறையைப் பிரித்த அன்றே எனக்கு நம்பிக்கை போய்விட்டதால், எங்கள் பகுதிச் சந்தையில் கூடலூர் இஞ்சி என்று சொல்லி மண்ணோடு விற்றுக்கொண்டிருந்த முற்றிய இஞ்சியில் கால் கிலோ வாங்கி வந்தேன். கடைக்காரரிடம் விதைக்கு என்று சொன்னதும், கழுவிப் பளபளப்பாக்கிய குவியலை விட்டுவிட்டு, கண் திரண்ட விரல்களாகப் பார்த்து அவரே பொறுக்கிக் கொடுத்தார். ஈரச் சாக்கில் சுற்றி, சமையலறையின் இருண்ட மூலையில் பன்னிரண்டு நாள் வைத்ததில், கண்கள் பட்டாணி அளவுக்கு முளைத்துப் பச்சை காட்டின. அவற்றில் சிறந்த நான்கு துண்டுகளை, என்னிடம் ஏற்கெனவே இருந்த 18 அங்குல விட்டமும் 9 அங்குல உயரமும் கொண்ட அகலப் பையில், கிட்டில் வந்த அதே உரக்கலவையைப் போட்டு நட்டேன். கிட்டையும் என் விதையையும் ஒரே வெயிலில், ஒரே நீரில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க இது நல்ல வாய்ப்பாக அமைந்தது.

பைகளின் துணி பற்றிக் குறை சொல்ல ஏதுமில்லை. தையல் பிரியவில்லை, எட்டு மாத வெயிலில் வெளுக்கவில்லை, கைப்பிடி பிய்யவில்லை. குறை அளவிலும் துளையிலும் இருக்கிறது. இஞ்சி ஆழமாக இறங்கும் பயிரன்று. விரல் விரித்தாற்போல் பக்கவாட்டில் படர்ந்து, மேல்மண்ணை ஒட்டியே கிழங்கு விடுவது. அதற்கு 12 அங்குல விட்டம் நெருக்கடி. வயலிலேயே செடிக்குச் செடி 20 முதல் 25 சென்டிமீட்டர் இடைவெளி விடுகிறார்கள். அறுவடையின்போது கிட் பையைக் கவிழ்த்ததில், கிழங்குகள் பையின் சுவரை முட்டி மடங்கி நின்றதையும், கீழ்ப்பாதியில் ஒன்றிரண்டு வேர்களைத் தவிர வேறு எதுவுமின்றி கோகோபீட் சொதசொதவென்று ஊறிக் கிடந்ததையும் பார்த்தேன். உயரமான பையில் ஒரு வசதி உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்: முக்கால் பாகம் மட்டும் நிரப்பி நட்டால், கிழங்கு மேலே தலைகாட்டும்போதெல்லாம் மண் அணைக்க இடம் இருக்கும். ஆனால் அந்த வசதியை அகலப் பையில் 6 அங்குலம் நிரப்பித் தொடங்கினாலும் பெறலாம்.

வடிகால் துளைகள்தான் பெரிய சிக்கல். பைக்கு நான்கு துளைகள், அவையும் அடியில் இல்லாமல் பக்கவாட்டில், தரையிலிருந்து ஓர் அங்குல உயரத்தில். அந்த ஓர் அங்குலத்தில் தேங்கும் நீருக்கு வெளியேற வழியில்லை. கீரைக்கு இது பொருட்டாகாமல் போகலாம். இஞ்சிக்கு ஈரம் வேண்டும், ஆனால் தேங்கிய நீர் ஆகவே ஆகாது. கிழங்கழுகல் நோயை உண்டாக்கும் பித்தியம் என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிர் நீர் தேங்கும் இடத்தில்தான் பெருகும்.

கோகோபீட் கட்டி இருபது லிட்டருக்கு மேல் நீரைக் குடித்து உப்பி, மூன்று பைகளுக்கும் போதுமான அளவுக்கு வந்தது. முதல் ஊறல் நீர் கருந்தேநீர் நிறத்தில் இறங்கியது; மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே தெளிந்தது. கோகோபீட்டில் உப்பு தங்கியிருக்கக்கூடும் என்பதால் அலசாமல் நேரடியாகப் பயன்படுத்தக் கூடாது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மண்புழு உரம் மணமும் ஈரமும் சரியாக, கட்டியில்லாமல் இருந்தது. இந்த இரண்டை மட்டும் கொண்டு இஞ்சி வளர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மூன்றில் ஒரு பங்கு செம்மண்ணும், நன்றாக மக்கிய தொழுவுரமும் சேர்த்துக்கொண்டேன். இவை இரண்டும் கிட்டில் வராது, தனியாகத் தேட வேண்டும்.

கிட்டில் எனக்கு மிகவும் பிடித்தவை வேப்பம் பிண்ணாக்கும் டிரைக்கோடெர்மாவும். நடவின்போது ஹெக்டேருக்கு 2 டன் வேப்பம் பிண்ணாக்கு இட்டால் கிழங்கழுகல் குறையும் என்பது ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை. மலிவான கிட்கள் பலவற்றில் இது இருப்பதில்லை. இங்கே கொடுத்த பிண்ணாக்கு எண்ணெய்ப் பசையோடு, மூக்கைத் துளைக்கும் மணத்தோடு இருந்தது. டிரைக்கோடெர்மா பொட்டலத்தில் தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் தெளிவாக அச்சிட்டிருந்தன. உயிருள்ள பூஞ்சையை விற்பவர்கள் அனைவரும் செய்ய வேண்டியது இது. அதை ஈரத் தொழுவுரத்தில் கலந்து, நிழலில் ஈரச் சாக்கு போட்டு மூடி ஒரு வாரம் வைத்திருந்து பிறகு பைகளில் கலந்தேன்.

கையேட்டைப் பற்றிக் கடுமையாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது. விதையை அரை அடி ஆழத்தில் நடச் சொல்கிறது. 4 அல்லது 5 சென்டிமீட்டர் போதும், அரை அடி புதைத்தால் முளை மேலே வருவதற்குள் கிழங்கு அழுகிவிடும். தினமும் இருவேளை ஒரு லிட்டர் நீர் ஊற்றச் சொல்கிறது. முளை வெளியே வராத முதல் மாதத்தில், இலையே இல்லாத ஒரு துண்டுக்கு நாளுக்கு இரண்டு லிட்டர் எதற்கு? விரலை இரண்டு கணு அளவுக்கு மண்ணில் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் நீர் தெளித்ததே எனக்குப் பலன் தந்தது. முழு வெயிலில் வைக்கச் சொல்கிறது. தென்னைக்கும் பாக்குக்கும் ஊடே வளரும் செடியைச் சித்திரை, வைகாசி வெயிலில் காங்கிரீட் மாடியில் நிறுத்தினால் இலைநுனி கருகும். ஆனி வரை 50 விழுக்காடு நிழல்வலைக்குக் கீழே வைத்திருந்தேன். மூடாக்கு பற்றிக் கையேடு பேசவே இல்லை. இஞ்சி விவசாயத்தில் நட்ட அன்றும், 40 ஆம் நாளும், 90 ஆம் நாளும் பச்சிலையால் மூடாக்கு இடுவது வழக்கம். நான் வேப்பிலையையும் காய்ந்த வாழைச்சருகையும் இட்டேன், மண் வெடிக்காமலும் களை முளைக்காமலும் அது காத்தது.

முளைப்பு மெதுவாகத்தான் வரும். சந்தை விதை நான்கும் பதினெட்டாம் நாளிலிருந்து இருபத்தாறாம் நாளுக்குள் ஈட்டி போல் மேலே வந்தன. கிட் விதையில் முதல் பையில் வைத்த இரண்டும் முப்பது நாளைத் தாண்டி வந்தன. இரண்டாம் பையில் வைத்த இரண்டில் ஒன்று வரவே இல்லை, அந்த இடத்தில் ஆனியில் வந்த மாற்று விதையை வைத்தேன்.

ஆடியில் தென்மேற்குப் பருவத்தின் சாரல் விடாமல் பெய்த ஒரு வாரத்தில், இரண்டாம் பையில் கீழ் இலைகள் நுனியிலிருந்து மஞ்சளித்தன. வெயில் படாததால் இருக்கும் என்று மூன்று நாள் விட்டுவிட்டேன். நான்காம் நாள் தண்டைத் தொட்டு இலேசாக இழுத்ததும் அடியோடு கையில் வந்துவிட்டது; அடித்தண்டு நீர் கோத்துக் கூழாகி, துர்நாற்றம் வீசியது. இஞ்சியில் வாடல் முக்கியமாக இரண்டு வகைப்படும் என்பதால் ஒரு சோதனை செய்து பார்த்தேன்: தண்டைக் குறுக்கே வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நிறுத்தினால், பாக்டீரியா வாடலாக இருந்தால் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற இழை நீரில் இறங்கும். எனக்கு அப்படி எதுவும் இறங்கவில்லை. ஆகவே கிழங்கழுகல்தான் என்று முடிவு செய்து, அந்தப் பையின் கலவை முழுவதையும் மற்றச் செடிகளின் பக்கம் போகவிடாமல் அகற்றினேன். மிஞ்சிய இரண்டு பைகளையும் செங்கல் மேல் தூக்கி வைத்து, கிட் பையின் அடியில் சூடான கம்பியால் எட்டுத் துளைகள் போட்டேன். அதன் பிறகு ஐப்பசி மழையிலும் அழுகல் வரவில்லை. ஆகவேதான், நோய்க்கு விதை பாதிக் காரணம் என்றால் துளை பாதிக் காரணம் என்று உறுதியாகச் சொல்கிறேன். கிட்டை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும், நடுவதற்கு முன் அடியில் துளை போடுவதை மட்டும் தவறவிட வேண்டாம்.

புரட்டாசியில் அகலப் பையில் ஒரு தண்டின் நடுக்குருத்து காய்ந்து, தண்டில் சிறு துளையும் புழுவின் எச்சமும் தெரிந்தன. தண்டு துளைப்பான், அந்தத் தண்டை வெட்டி அழித்ததோடு சரியாகிவிட்டது.

தீபாவளிக்கு முன் அகலப் பையின் ஓரத்தைக் கையால் விலக்கி, பக்கக் கிளையிலிருந்து 150 கிராம் இளம் இஞ்சியை ஒடித்து எடுத்தேன். தோல் நகத்தால் சுரண்டும் அளவுக்கு மெலிந்து, கணுக்களில் இளஞ்சிவப்புச் செதில்களோடு, நாரே இல்லாமல் இருந்தது. அந்த ஆண்டு இலேகியத்துக்கு அதைத்தான் இடித்துச் சாறு பிழிந்தோம். காரம் முற்றிய இஞ்சியை விடக் குறைவு, ஆனால் அந்த மணம் கடையில் வாங்கும் எந்த இஞ்சியிலும் எனக்குக் கிடைத்ததில்லை. வீட்டில் இஞ்சி வளர்ப்பதற்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் இந்த ஐந்தரை மாத இளம் இஞ்சியைத்தான் சொல்வேன். சந்தைக்கு வருவது பெரும்பாலும் முற்றியதுதான்.

தைப் பொங்கலுக்கு முதல் நாள் பைகளைக் கவிழ்த்தேன். சித்திரை நடுவில் நட்டது எட்டரை மாதத்தில் பொங்கலுக்குச் சரியாக வந்து சேர்ந்தது. கீழ் இலைகள் மஞ்சளித்திருந்தாலும் மேல் இலைகள் பச்சையாகவே இருந்ததால், இலையும் கிழங்குமாக ஒரு கொத்தைப் பிரித்து, கடையில் வாங்கிய மஞ்சள் கொத்தோடு சேர்த்துப் பொங்கல் பானையின் கழுத்தில் கட்டினோம். மண் உதிர்த்து எடை போட்டதில், கிட்டின் முதல் பை 520 கிராம். இரண்டாம் பையில் ஒன்றுமில்லை. சந்தை விதை வைத்த அகலப் பை, முன்பு ஒடித்த இளம் இஞ்சியையும் சேர்த்து 1 கிலோ 350 கிராம்.

கணக்காகப் பார்த்தால், 849 ரூபாய் கொடுத்து அரை கிலோ இஞ்சி எடுத்திருக்கிறேன். பையும் மிஞ்சிய பிண்ணாக்கும் அடுத்த ஆண்டுக்கும் ஆகும் என்று கழித்துக்கொண்டாலும் அது கட்டுப்படியாகாது. இதே பொருட்களைத் தனித்தனியாக, அகலப் பையாகப் பார்த்து, நர்சரியில் வாங்கினால் ஏறக்குறைய 500 ரூபாய்க்குள் முடிந்திருக்கும். விதைக்கு நான் கொடுத்தது 40 ரூபாய். அருகில் நர்சரி இல்லாதவர்கள், மண்ணும் உரமும் தேடி அலைய முடியாத முதியவர்கள், இந்தக் கிட்டை வாங்குவதில் தவறில்லை. ஆனால் விதையையும் கையேட்டையும் ஒதுக்கிவிட்டு, சந்தையில் கண் திரண்ட இஞ்சி வாங்கி நடவேண்டும். விற்பனையாளர்களிடம் நான் வேண்டுவதும் இவ்வளவுதான்: விதையை மாசிக் கடைசியில் தொடங்கி வைகாசி நடுவரை மட்டும் காற்றோட்டமான பொதியில் அனுப்புங்கள், இரகத்தின் பெயரைப் போடுங்கள், பையை அகலமாக்கி அடியில் துளை விடுங்கள். வரும் பருவத்தில் இவற்றைச் செய்தால் இன்னொரு முறை வாங்கி, இதே இடத்தில் மாற்றி எழுதவும் அணியமாக இருக்கிறேன்.

அகலப் பையில் விளைந்ததில் கொழுத்த விரல்களாகக் கால் கிலோவைக் கழுவாமல் எடுத்து, மண்சட்டியில் உலர்ந்த ஆற்றுமணலை அடுக்கடுக்காக இட்டு, வாயைத் துணியால் மூடி, மாடிப்படிக்குக் கீழே நிழலில் வைத்திருக்கிறேன். முதல் கிட் பையில் விளைந்த இஞ்சியும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அழுகிய பையின் விதையோடு ஒரே உறையில் வந்த விதையின் விளைச்சல் என்பதால், அதை விதைக்கு எடுக்காமல் முழுவதையும் சமையலுக்கே பயன்படுத்தி வருகிறோம்.